ஆணி பிடுங்கப் போன அருள்நாயகி

டண்டினொங்கில அருள்நாயகியின்ர வாயைத் தெரியாத தமிழ்ச்சனம் இல்லை. மன்னாரில பிறந்து, கடல்கடந்து இஞ்ச வந்து கோழி வெட்டுற ஃபாக்டரியில வருசக்கணக்காய் நிண்டு, பிள்ளையளைக் கரைசேர்த்த மனுசி. ஒரேயொரு கவலைதான்: புருசன் அலோசியசின்ர குடி.

அவர் சத்தியம் பண்ணாமலில்லை. ஒவ்வொரு தபசுகாலமும் மடுமாதாவுக்கு நேர்த்தி வைப்பார். ஈஸ்டர் முடியப் போத்தல் திறப்பார். "மாதா தாய்தானே, மன்னிப்பா" எண்டு ஒரு இளிப்பு வேற. நல்ல பிள்ளை!

2006இல பக்கத்து வீட்டுக்கு மவுங்கு குடிவந்தார். ஆபிரிக்காவின்ர கொங்கோ சனம். புருசனும் பெண்சாதியும் பாக்கப் போனா, அவற்ற ஹோலில ஒரு மரச்சிலை, உடம்பு முழுக்க ஆணி, வயித்தில கண்ணாடி. "ஐயோ, வேதத்துக்காக ஆணியடி பட்டுச் செத்த எந்த வேதசாட்சியோ!" எண்டு அருள்நாயகி சிலுவை போட்டா. மவுங்கு விழுந்து விழுந்து சிரிச்சார். அது வேதசாட்சியில்லை, வேட்டைக்காரனாம். ரெண்டு பேர் ஒரு பேச்சுக்கு வந்தால் ஆணியை நக்கிப்போட்டு அதில அறையிறதாம். வயித்துக் கண்ணாடிக்குப் பின்னால, ஊர்ப் பூசாரியாயிருந்த அவற்ற தகப்பன் வைச்ச மருந்து. பேச்சை மீறின ஆளை அது தேடிப்போய்ப் பிடிக்கும்.

"மன்னிக்காதோ?" எண்டு அலோசியஸ் கேட்டார்.

"மன்னிக்கிறது அதின்ர வேலையில்லை."

"ஒரு கட்டைக்கு நான் பயமோ?" எண்டு வீரம் பேசி அலோசியஸ் ஆணியை நக்கினார். இனிக் குடியில்லை எண்டார். ஆனா மவுங்கு சுத்தியலைக் குடுக்கேல்லை. ஒராளின்ர பேச்சுக்கு ஆணி இறங்காதாம், மற்ற ஆளும் ஏதும் தரவேணுமாம். மனுசன் விடுவாரோ? "இவ பழங்கதை எடுக்கக்கூடாது" எண்டார். அருள்நாயகியும் முகத்தைச் சுளிச்சுக்கொண்டு நக்கினா. ஆணி இறங்கிச்சு.

நம்புவியளோ, மனுசன் குடிக்கேல்லை! கிறிஸ்மசுக்கும் வெறும் கொக்கோகோலா. பல்லைக் கடிச்சுக்கொண்டு திரிஞ்சது அவதான். எண்டாலும் அவர் தெளிஞ்ச முகத்தோட சோறு தின்னிறதைப் பாக்க அவவுக்குச் சந்தோசத்தில அழுகை வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அலோசியசை நேரத்துக்குக் காணேல்லை. போன் எடுத்தாலும் பதிலில்லை. கதவு திறந்ததும் அவவின்ர வாயும் திறந்திட்டுது. மகள் முதல் நன்மை வாங்கின அண்டு கோயில் வாசலில வெறியில விழுந்து கிடந்ததில தொடங்கி ஒண்டும் மிச்சம் விடேல்லை. மனுசன் கிட்ட வந்தார். பியர் மணமே இல்லை. ரெயின் இடையில நிண்டு போச்சாம், போனில சார்ஜும் இல்லையாம்.

அருள்நாயகிக்கு அப்பதான் ஆணி ஞாபகம் வந்துது. செருப்பும் போடாமல் மவுங்கு வீட்டுக்கு ஓடினா.

"அண்ணை, எங்கட ஆணியைப் பிடுங்குங்கோ. நான் பேச்சை மீறிப்போட்டன். அது என்னைப் பிடிக்கப்போகுது!"

மவுங்கு குறடோட வந்தார். "பிடுங்கலாம், சிஸ்டர். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே ஆணிதான். பிடுங்கினா அவற்ற பேச்சும் விட்டுப்போகும்."

அவ சிலையைப் பாத்தா. கழுத்துச் செபமாலையை இறுக்கிப் பிடிச்சா. குறடு ஆணியில பட, மவுங்குவின்ர கையைத் தட்டிவிட்டா.

"வேண்டாம், அண்ணை. அது வந்து என்னைப் பிடிக்கட்டும்."