மூன்றாம் பூச்சு

கடலில் மீன் பிடிக்கிற மனிதன் வீட்டுக்குள் மீன் வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? நாயாற்றுப் பக்கத்தில் எங்கள் அப்பாவைக் கண்டவர்கள் எல்லாம், கறிக்கு எப்போது எடுப்பாய் என்று கேட்டுக் கேட்டே அலுத்துப்போனார்கள். அப்பாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. முல்லைத்தீவில் ஒரு வாத்தியார் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, அவருடைய கண்ணாடித் தொட்டியையும் ஆறு சிவப்பு மீன்களையும் கேட்டு வாங்கினார். தொட்டியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, மீன் வாளியைக் கைபிடியில் கொழுவி, மணலில் பாதித் தூரம் உருட்டியே கொண்டுவந்து சேர்த்தார். அப்போது எனக்கு ஏழு வயது. வீட்டில் அப்பா, அம்மா, நான் மட்டும்தான்.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று அம்மா கேட்டார். தான் பிடிக்கிற மீன் எல்லாம் தன்னைக் கண்டால் சாகிறது, இதுகள் மட்டும்தான் கிட்ட வருகிறது என்றார் அப்பா. சமைக்கிற குசினிக்குப் போகிற வழியில் தொட்டி நிற்கக்கூடாது என்று அம்மா ஒரு சட்டம் மட்டும் போட்டார்.

தொட்டி வைக்க மேசை இல்லை. உடைத்துப் போட்டிருந்த எங்கள் பழைய வள்ளத்தின் பலகைகளை எடுத்து அப்பாவே ஒரு தாங்கி அடித்தார். நாலு கால், மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. பதினைந்து வருசம் கடலில் கிடந்த பலகைக்குத் தண்ணீர் என்ன புதிதா என்று அம்மா சிரித்தபோதுதான் அவர் அந்த விசயத்தைச் சொன்னார். உப்புத்தண்ணீர் பலகையைத் தின்னாது. நல்லதண்ணீர்தான் தின்னும். வள்ளத்துக்குள் மழைத்தண்ணீர் நின்றால் இரண்டு மூன்று மாரியில் உக்கிப்போகும். தொட்டியில் நிறைத்திருந்ததோ மாதா கோயில் கிணற்றில் அள்ளின நல்லதண்ணீர். போதாக்குறைக்கு ஒரு மூலை கசிந்துகொண்டே இருந்தது. அதை அடைக்கிற பசை அந்தச் சண்டைக் காலத்தில், இராணுவத்தின் தடையால், வவுனியாவைத் தாண்டி எங்கள் பக்கம் வராது. வார்னிசும் வராது, பெயின்றும் வராது.

அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வள்ளத்துக்குப் பூசுவதுபோலச் சுறா எண்ணெயைக் காய்ச்சி, குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு, பழந்துணியில் தோய்த்துத் தாங்கி முழுக்கத் தேய்த்தார். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு இதைப் பூசலாமா என்று கேட்க எங்கள் ஊரில் ஆள் இல்லை. அந்த நாற்றம் எங்களுக்கு நாற்றமே இல்லை. ஆனால் பூனைகள் இருந்தனவே! வெயிலில் காயவைத்து உள்ளே கொண்டுவந்த அன்றே ஊர்ப் பூனைகள் முழுக்க வந்து தாங்கியின் கால்களை நக்கத் தொடங்கின. ஒன்று மேலே ஏறித் தொட்டிக்குள் கையும் விட்டுவிட்டது. அம்மா விளக்குமாறோடு நின்று, தாங்கியையும் அதை அடித்தவரையும் சேர்த்து வெளியில் போடப்போவதாகச் சொன்னார். குங்கிலியத்தைக் கூட்டினால் மணம் அடங்கும் என்று அப்பா இரண்டாம் பூச்சுப் பூசினார். அடங்கவில்லை. அவரும் நானும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனோம்.

வள்ளத்துக்கு எப்போதும் மூன்று பூச்சு. முதல் இரண்டையும் ஆரும் பூசலாம். மூன்றாவதை மட்டும் அந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன் தன் கையால் பூச வேண்டும், வேறு கை படக்கூடாது என்பது அப்பா பிடித்திருந்த முறை. தாங்கிக்கும் அதே முறைதான் என்றார். இரண்டாம் பூச்சு ஒரு கிழமை காயவேண்டும். அதற்கிடையில், வாடைக்காற்று எழும்ப முதல் இன்னும் ஒருக்கால் கடலில் தொழில் பார்த்துவிடலாம் என்று அவரும் அம்மாவின் தமையனான என் மாமாவும் ஆளுக்கொரு வள்ளத்தில் வெளிக்கிட்டார்கள். போகும்போது அப்பா என்னைக் கூப்பிட்டுத் தான் உடுத்துக் கிழிந்த சாரத்தில் ஒரு துண்டைக் கையில் தந்தார்.

"மூண்டாம் பூச்சு நான் வந்து பூசுறன். அதுவரைக்கும் பலகையில ஒரு சொட்டும் நிக்கவிடாதை, என்ன?"

ஓம் என்றேன்.

அடுத்தநாள் மத்தியானம் மாமாவின் வள்ளம் மட்டும் வந்தது. கடலில் சுடுகிற துவக்குச் சத்தம் கேட்டது, இரண்டு வள்ளமும் பிரிந்துபோயின, பிறகு தேடியும் காணவில்லை என்றார். பெண்கள் வீடு நிறைய வந்து செபமாலை சொன்னார்கள். நான் மூலையில் தாங்கிக்குக் காவல் இருந்தேன். ஒருத்தி தண்ணீர் குடித்துவிட்டு ஈரப் பேணியைக் கீழ்த்தட்டில் வைத்தாள். பறித்து எடுத்துத் துடைத்தேன், அவளைக் கண்டபடி ஏசியும் விட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லி அவள் இன்னும் கூட அழுதாள். பேணி வைத்தவள் அழுகிறாளே, பிழை தெரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பயம் இருக்கவில்லை. மாமா தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தபோது கிட்டப் போய், உப்புத்தண்ணீர் பலகையைத் தின்னாது, அப்பாவின் வள்ளத்துக்கு ஒன்றும் வராது என்று ஆறுதல் சொன்னேன். மாமா எழும்பி வெளியே போனார். வேலியைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

வாடைக்காற்று வந்தது, மாரியும் வந்தது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. மற்ற வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் தாங்கியையே துடைத்தேன். காலையில் ஒருக்கால், பள்ளிக்கூடத்தால் வந்து ஒருக்கால், விளக்கு வைக்கிற நேரம் ஒருக்கால். நான்கு மீன்கள் செத்துப்போயின. அது என் பொறுப்பில்லை, அப்பா மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அந்தத் தாங்கிப் பக்கமே வருவதில்லை. நிறச் சேலையை மாற்றச் சொன்ன பெண்களோடு அம்மா கதைப்பதை விட்டுவிட்டார். துக்கப் பூசை வைப்பம் என்று கேட்க வந்த சுவாமியாருக்கும், அவர் வரட்டும் ஃபாதர் என்று ஒரே மறுமொழிதான். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாரி முடிந்து வெயில் ஏறின ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தேன். வேலிப் படலையிலேயே சுறா எண்ணெய் மணத்தது. அப்பா வந்துவிட்டார்! புத்தகப் பையை எறிந்துவிட்டு ஓடினேன். முற்றத்தில் தொட்டி இல்லாமல் தாங்கி மட்டும் நின்றது. பக்கத்தில் அம்மா குந்தி இருந்து, துணியை எண்ணெயில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை எண்ணெய். நான் உள்ளே போய்ப் பார்த்தேன், பின்வளவுக்கும் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

பிறகு எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த துணியைப் பிடித்து இழுத்தேன். அது அப்பா பூசவேண்டியது, வேறு கை படக்கூடாது என்று கத்தினேன். அம்மா துணியை விடவில்லை, என்னை அடிக்கவும் இல்லை.

"பலகை உக்கிப்போகும் பிள்ளை," என்றார். "இனி ஆர் பூசுறது?"

நான் ஓடிப்போய் ஒரு சிரட்டை தண்ணீர் அள்ளிவந்து, பூசின தட்டின் மேல் ஊற்றினேன். கெட்டுப்போகட்டும், அப்பா வந்து பார்த்து அம்மாவை ஏசட்டும் என்றுதான் ஊற்றினேன். ஒரு சொட்டும் பலகையில் ஒட்டவில்லை. முத்து முத்தாக உருண்டு மணலில் விழுந்தது. அப்பா பூசியிருந்தாலும் அதைவிட வடிவாகப் பூசியிருக்க மாட்டார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அம்மா சேலைத் தலைப்பால் தட்டைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூசத் தொடங்கினார். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. பின்னேரம் அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தார். எங்கே போனார் என்றுகூட நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மா வெள்ளைச் சேலையில் வந்தார். சேலை எடுப்பாக இருக்கிறது என்று நினைத்தேன், கோபம் ஆறாததால் சொல்லவில்லை. கடலுக்குப் போய் இன்னும் கரை சேராதவர்களுக்காகச் சுவாமியார் கிழமைதோறும் ஒரு மன்றாட்டு வாசிப்பார். அதில் அப்பாவின் பெயர் வரும்போது நான் நிமிர்ந்து இருப்பேன். அன்றைக்கு அதில் அப்பாவின் பெயர் இல்லை. கொஞ்சம் பொறுத்து, மரித்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று தொடங்கி, அதில் முதலாவதாக அப்பாவின் பெயரை வாசித்தார். பாவம் கிழவன், கண் தெரியாமல் பக்கத்தை மாற்றிவிட்டார் என்று பட்டது. கோபத்தையும் மறந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, சுவாமி பிழையா வாசிக்கிறார்."

அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பூசை முடியட்டும் என்றார். முடிந்ததும் அம்மா போய்ச் சொல்லித் திருத்திவிடுவார் என்ற நம்பிக்கையில், எல்லோரும் போனபிறகும் நான் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.