அத்தையின் பேரில் ஒரு ஈ

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், ஊரறிய ஒரு விஷயத்தை எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பெரிய மனசு பண்ண வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் பேசுவதில்லை. பேச வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் பேசுவதில்லை.

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் அப்போது இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. அத்தைக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தார் வந்து பார்த்துவிட்டு, பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாகச் செம்மநத்தத்தில் ஒரு இடம் திகைந்தது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சொந்த நிலம், அதில் ஆரஞ்சு மரங்கள், குடிப்பழக்கம் கிடையாது. தை மாதம் பிறந்ததும் வருகிற முதல் வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண்ணின் தலையில் அவர்கள் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த வாரம் முழுக்க அப்பா வீட்டுக்குள் அடி எடுத்து வைப்பதே மெதுவாக இருந்தது, சத்தம் கேட்டால் சம்பந்தம் பறந்துவிடும் என்பதுபோல.

எங்கள் லைனின் கடைசி அறையில் ஒரு காலேஜ் வாத்தியார் தங்கியிருந்தார். அப்பாவைவிட மூத்தவர், முன் தலையில் முடி இல்லாதவர். சின்னச் சின்ன ஈக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதற்காக எஸ்டேட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். லைன் முழுக்க அவருக்கு ஈ சார் என்றே பேர்.

"எங்கூட்டுக்காரரும் சும்மா உக்காந்து ஈதானுங்க ஓட்டறாரு. அவருக்கும் உங்க காலேஜ்ல ஒரு சம்பளம் வாங்கிக் குடுங்க சார்" என்று பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

அத்தைக்கு வேலை பல்பர் கொட்டகையில். காபிப் பழத்தின் தோலை மெஷின் உரித்துத் தள்ளும் இடம் அது. கொட்டகைக்குப் பின்னால் சிவப்புத் தோல் மலைபோலக் குவிந்து புளிக்கும். கிட்டப் போனால் ஈ முகத்தில் மொய்க்கும். சார் அங்கேயேதான் கிடப்பார். ஒருநாள் அத்தை தானாகவே அவரிடம் போய்ப் பேசினாள். அவள் வெளி ஆண்களிடம் பேசி நான் பார்த்ததில்லை.

"சார், அந்தா அது வேற ஈங்க. மத்ததெல்லாம் உக்காந்தா உக்காந்ததுதான். இது ஆடுதுங்க."

அது உண்மையில் ஆடியது. கடுகில் பாதி இருக்கும். ஒரு சிறகை மட்டும் விரித்து, மடக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடியும் விரித்தது. சார் மூச்சுக்கூட விடாமல் குனிந்து பார்த்தார். அதன்பிறகு அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. பெண் ஈக்கள் நிறையவே கிடைத்தன. ஆடுகிற ஆண் ஒன்றே ஒன்றுதான் அவர் வலையில் விழுந்தது. அதற்குள் பழ சீசன் முடிந்து, குவியலை லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவர் அறை வாசலில் போய் நிற்பேன். மைக்ராஸ்கோப்பில் ஒருதரம் பார்க்க விட்டார். கண் இரண்டும் மாதுளை முத்துமாதிரி இருந்தன. சிறகில் காபிக் கறைபோல ஒரு புள்ளி. முதுகில் முடி. அந்த முடிகள் எந்த வரிசையில் நிற்கின்றன, சிறகு நரம்பு எங்கே பிரிகிறது, கால் எந்த நிறத்தில் தொடங்கி எந்த நிறத்தில் முடிகிறது என்று நாள்கணக்கில் எழுதினார், படம் வரைந்தார். இத்தனையும் எதற்கு என்று கேட்டேன்.

"இந்த ஈயைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை கண்ணு. முதல்ல எழுதுறவன் எல்லாத்தையும் சொல்லணும். அப்புறம் ஒரு பேர் வெக்கணும். அந்தப் பேருக்கு இந்த ஒத்தை ஈதான் சாட்சி. நாளைக்கு எவன் வந்து இது அது இல்லைன்னாலும், இதை எடுத்துத்தான் ஒத்துப் பார்க்கணும்."

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு போன அத்தையை நிறுத்தி, அவளுடைய முழுப் பேர் என்ன என்று கேட்டார். அத்தைக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. கொட்டகையில் மேஸ்திரிகூட அப்பாவின் பேரைச் சொல்லி, அவன் தங்கச்சி என்றுதான் ஆஜர் கூப்பிடுவார். குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, தன் பேரைச் சொன்னாள். அவர் சரியாகக் கேட்கவில்லை என்றதும் இன்னொரு தரம் சொன்னாள், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

வெள்ளிக்கிழமை வந்தது. செம்மநத்தத்திலிருந்து ஜீப் வந்து லைன் முன்னால் நின்றது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், பூத்தட்டும் பழத்தட்டும் ஏந்திய பெண்கள். வாசலில் ஜமக்காளம் விரித்திருந்தது. படித்த மனிதர், கூட இருந்தால் மரியாதை என்று அப்பா ஈ சாருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். அத்தை உள்ளே, பட்டுச் சேலையோடு, பூ வைக்காத தலையோடு காத்திருந்தாள். நான் கதவுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

காபி குடித்ததும் தாய்மாமன் சாரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க பொண்ணூட்டுக்கு என்ன ஒறவுங்க?"

"உறவு இல்லைங்க. இங்க ஈயைப் பத்திப் படிக்கிறேன்."

"ஈயிங்களா? படிக்கறதுக்கு வேற ஒண்ணுமே மிச்சம் இல்லீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் சாருக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். இதோ வருகிறேன் என்று அறைக்கு ஓடி, கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். அதை நேராக மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுத்தார்.

"உலகத்துல எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத ஈ இது. உங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு பேரைத்தான் இதுக்கு வெச்சிருக்கேன்."

அந்த அம்மா பெட்டியைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நடுவுல என்னங்க அது?"

"ஊசிங்க."

"ஈக்குள்ளயா?"

"ஆமா. மாரு வழியா குத்தினாத்தான் நிக்கும்."

"அடியில ஏதோ சீட்டு இருக்குதுங்களே?"

"பேர் எழுதின சீட்டு."

"யாரு பேருங்க?"

"பொண்ணு பேருதாங்க" என்றார் சார், இன்னும் சிரித்த முகத்தோடு.

அந்த அம்மா பெட்டியைத் தரையில் வைத்தார். விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பூத்தட்டு வைத்திருந்த பெண் ஒருத்தி தட்டோடு இரண்டடி பின்னால் போனாள். சாரைத் தவிர எல்லோருக்கும், எனக்குக்கூட, அது என்னவென்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் குடியைக் கெடுக்க நினைப்பவர்கள் செய்வதும் இதுதான். எலுமிச்சம்பழத்திலோ பொம்மையிலோ ஊசியைக் குத்தி, ஆள் பேரை எழுதிக் கூடவே வைப்பார்கள். போன வருஷம் மேல் லைனில் ஒரு வீட்டு வாசற்படிக்கு அடியில் அப்படி ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் குடியிருக்கவில்லை. இங்கே உயிரோடு இருந்த ஒரு பிராணியின் நெஞ்சில் ஊசி. கீழே அத்தையின் பேர். அதுவும் பூ வைக்கிற அன்றைக்கு.

"ஏனுங்க" என்றார் அந்த அம்மா அப்பாவைப் பார்த்து, மெதுவாக. "இத நீங்க தெரிஞ்சேதான் உட்டு வெச்சிருந்தீங்களா?"

அப்பா பதறி எழுந்தார். "சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க." சார் பக்கம் திரும்பி, "சார், அதக் குடுங்க. அடுப்புல போட்டர்லாம்" என்று கை நீட்டினார்.

சார் சட்டென்று பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, எரிக்கறதா? ஆண் ஈ இது ஒண்ணுதாங்க இருக்கு. இது போனா நான் எழுதினதெல்லாம் வெறும் பேச்சு."

"என்ற தங்கச்சி பொழப்புங்க சார்!"

அப்பா கத்தி அதுவரை நான் கேட்டதில்லை. அடுத்த வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன. தாய்மாமன் எழுந்து ஜீப்பைப் பார்த்தார். அப்பா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். அவர் சார்மேல் பாய்ந்துவிடுவாரோ என்று நான் தூணைக் கட்டிக்கொண்டேன்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. இப்போது நினைத்தாலும் அவர் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. எழுந்து நின்ற தன் தம்பியை உட்காரச் சொல்லிவிட்டு அவரே ஒரு வழி சொன்னார்.

"தெரியாம நடந்துபோச்சு. பெரியவரு கெட்ட எண்ணத்துல செய்யல. பேரை எடுத்துப்போடட்டும். அந்தச் சீட்டை ஓடையில உட்டுப்போடலாம். புள்ள தலைக்குத் தண்ணி ஊத்திக்கட்டும். நல்ல நேரம் முடியறதுக்குள்ள பூ வெச்சர்லாம்."

அப்பா கும்பிட்டார். சாருக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. எனக்கு இது தோணவே இல்ல. எழுதினதை இன்னும் அனுப்பலை. பேரை மாத்திடலாம். இந்த மலை பேரையே வெச்சுடறேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய இடுக்கியை எடுத்தார். கண்ணாடி மூடியைத் திறந்தார். வாசலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவர் கையையே பார்த்தார்கள். இடுக்கியின் நுனி சீட்டைத் தொட்டது.

"எடுக்காதீங்க சார்."

அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது. அம்மா பின்னாலிருந்து அவள் முந்தானையைப் பிடித்திருந்தாள், ஆனால் இழுக்கவில்லை.

"உள்ள போ" என்றார் அப்பா.

அத்தை போகவில்லை.

"ஏஞ்சாமி, ஒரு ஈக்கா இத்தன?" என்று கேட்டார் அந்த அம்மா. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டமாதிரிதான் இருந்தது.

"ஈக்கு இல்லீங்க."

"பின்ன?"

"அது என்ற பேருங்க. நாந்தான் சொன்னேன். கேட்டாரு, சொன்னேன். இருக்கட்டுங்க."

"ஊசி குத்தின பேரு நம்ம புள்ளைக்கு ஆகுமா? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா ஆரு பதில் சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க."

பிறகு அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட நிமிர்ந்து பார்க்காதவள், இப்போது நேராகப் பார்த்தாள், கொஞ்ச நேரம். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் கழற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்தார். அத்தை உள்ளே போய்விட்டாள்.

பூத்தட்டு வந்தபடியே ஜீப்பில் ஏறியது. ஜீப் திரும்பும்போது அந்த அம்மா மட்டும் ஒருதரம் எங்கள் வீட்டைப் பார்த்தார். சார் சீட்டை எடுக்காமலே பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குப் போனார். அப்பா ஜமக்காளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து காபி டம்ளர்களைப் பொறுக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு அத்தைமேல் தாங்க முடியாத ஆத்திரம். கல்யாணத்துக்கு எனக்குப் பாவாடை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அழுதுகொண்டிருப்பாள், அழட்டும் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அத்தை பட்டுச் சேலையை மாற்றிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்குச் செய்த வடையைத் தின்றுகொண்டிருந்தாள். பசியோடு தின்றாள். பாயசத்தையும் ஒரு டம்ளர் குடித்தாள். கொஞ்சம்கூட வெட்கமில்லையே என்று எனக்கு வந்தது. அம்மா இப்போது திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அத்தை தட்டை நீட்டி இன்னும் இரண்டு வடை கேட்டாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். நாலு வடையாக எடுத்து வைத்தாள். அம்மாவுக்கும் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மறுநாள் நல்ல பனி. சார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலை ஜீப்பில் மலையிறங்கிப் போனார். அத்தை வேலைக்குப் போனாள்.