இலை போடாத கல்யாணம்

கல்யாண விருந்துக்கு இலையே வேண்டாம் என்றாள் என் மகள். சாயங்காலம் நம் தென்னந்தோப்பில் நாலு தள்ளுவண்டி நிற்கட்டும், பிடித்ததை அவரவர் வாங்கிச் சாப்பிடட்டும் என்றாள். நான் உடனே தலையாட்டினேன். மகள் மேல் எவ்வளவு பாசம் என்று ஊர் மெச்சியது. உண்மையில் அந்த நாலில் ஒன்று காளான் வண்டி. கோயமுத்தூர் ரோட்டோரத்தில் முட்டைக்கோசோடு கொத்திப் போட்டுச் சிவக்கச் சிவக்கத் தருவார்களே, அதற்காக நான் எந்தப் புரட்சிக்கும் தயார்.

ஒத்துக்கொள்ளாதவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கம் விவசாயம்.

"ஏனுங் மாப்ள, கல்யாணத்துக்கு வர்ற சனம் வண்டிக்கட முன்னால நின்னு திங்கோணுமாக்கும்?"

"காலம் மாறிப்போச்சுங்க மச்சான்."

"மாறட்டுமுங்க. ஒரு ஆளு பட்டினியாப் போனாலும் ஊரு உங்களத்தான் கேக்கும்."

"ஒருத்தரும் போக மாட்டாங்க. நான் பொறுப்பு" என்று மகளின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். என் வாய் என்றைக்கு என்னைக் கேட்டுப் பேசியிருக்கிறது?

காலையில் கோயிலில் தாலி கட்டி முடிந்தது. சாயங்காலம் தோப்பு நிறைந்தது. ஒரு பக்கம் எங்கள் சொந்தங்கள். மறுபக்கம் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வேனில் வந்த மாப்பிள்ளை வீட்டார். எதிரே இட்டிலி, தோசை, கப்பக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும், அப்புறம் என் காளான். நாலு வண்டியிலும் ஆவி பறந்தது.

ஒருவரும் எழவில்லை.

முதலில் வெட்கம் என்று நினைத்தேன். பிறகு வாசனை சரியில்லையோ என்று நானே போய் மோந்து பார்த்தேன். வாசனை ஆளைக் கொன்றது. காளான்காரர் கரண்டியால் கல்லில் டங்டங்கென்று தட்டிப் பார்த்தார். எல்லோரும் திரும்பி, நாதஸ்வரம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார்கள். அரை மணி நேரம் போனது. மேடையிலிருந்து மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு பெரியம்மா, நாற்காலிக்கடியில் காலால் செருப்பைத் துழாவுவது தெரிந்தது. ஓடினேன்.

"ஏனுங் பெரியம்மா, சாப்பிடாமப் போறீங்க?"

"யாரும் கூப்புடலியே சாமி."

"அங்கதான் இருக்குதுங்களே, போய் எடுத்துக்கலாமுங்க."

"கூப்புடாம போயித் தட்டு நீட்டறதுக்கு நான் என்ன சோத்துக்கு இல்லாமயா வந்தேன்?"

எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் யாரும் பசித்துப் பந்திக்குப் போவதில்லை. 'இலை போட்டாச்சு, வாங்க' என்று வீட்டு ஆள் வந்து கூப்பிட வேண்டும். வந்தவர்கள் இரண்டு தரம் மறுக்க வேண்டும். மூன்றாவது தரம் கையைப் பிடித்து இழுத்தால், நமக்காகத்தான் என்பதுபோல எழுந்து வருவார்கள். நானோ இலையை நிறுத்தியபோது கூப்பிடுவதையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன். எஸ்டேட்காரர்களும் அதே கணக்கில், பெண் வீட்டார் அழைக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

மச்சானைத் தேடிப் போய், "கொஞ்சம் கூப்பிடுங்க மச்சான்" என்றேன். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வரிசை வரிசையாக, அத்தை, சித்தப்பா, பங்காளி என்று முறை சொல்லி நாங்கள் இருவரும் கைபிடித்து எழுப்பினோம். அதோடு விட்டாரா மனிதர்? தட்டோடு நின்றவர்கள் மேல் "இன்னொண்ணு வைங்க" என்று இட்டிலியோடு பாய்ந்தார். பந்தியில் உட்கார்ந்தவர்களால் இலையை மறைக்கத்தான் முடியும். இங்கே ஓடலாம். ஓடினார்கள். மச்சான் துரத்தினார்.

ஒருவழியாக எல்லோரும் கை கழுவினார்கள். மேடையிலிருந்து மகள் புருவத்தை உயர்த்தினாள். எல்லாரும் சாப்பிட்டாச்சு என்று சைகை காட்டினேன். சிரித்தாள்.

இனி என் காளான். வண்டியைப் பார்த்து இரண்டடி வைத்தேன். கால் நின்றுவிட்டது. எத்தனை முயன்றும் நகரவில்லை. காலம் மாறிப்போச்சு என்று பேசியவன், கல்லில் கடைசிக் காளான் கருகுவதைப் பார்த்துக்கொண்டு, என் தோப்பில், என் வீட்டுக் கல்யாணத்தில் அப்படியே நின்றேன்.

"என்னண்ணே, நீங்க சாப்பிட்டியளா?" மாப்பிள்ளையின் அம்மா.

"பசியில்லீங்க" என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும்? சொல்லிவிட்டு, எங்கே நம்பிவிடுவாரோ என்று நடுங்கினேன்.

"அட வாங்கண்ணே" என்று அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.