காரம் ஆகாத மருமகள்

எனக்கு வயிற்றில் எரிச்சல் தொடங்கியது கல்யாணமான மூன்றாம் வருஷம். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. முட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். என் கணவருக்கு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்து வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதம் கழித்து, நாலு நாள் லீவில் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மாமனாரும் மாமியாரும்தான். மாமியாரை மாமி என்றே கூப்பிடுவேன்.

அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. காலையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்தது, தொட்டுக்கொள்ள வத்தல் மிளகாய் வைத்து அரைத்த சம்மந்தித் துவையல். அதையே இலையில் பொதிந்து மத்தியானத்துக்கும் கொண்டுபோவேன். சாயங்காலம் ஒருவேளைதான் சோறு. கூடவே புளியும் காரமும் தூக்கலாக ஒரு மீன் குழம்பு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காலையில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. கிணற்றில் தண்ணீர் கோரி, முற்றம் பெருக்கி, கிழங்கு அவித்து இறக்கும்போதே வெயில் வந்துவிடும். அடுப்பங்கரை வாசலில் நின்றபடி நாலு துண்டை விழுங்கிவிட்டு இரண்டு மைல் நடப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரே கொட்டகைக்குள் மூன்று வகுப்பு. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுக்கு மேல் என் குரல் கேட்க வேண்டும். பத்தரை மணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிய ஆரம்பிக்கும். மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு பாடம் நடத்துவேன். சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். பிறகு இரட்டிப்பாக வரும்.

ஒருநாள் காலையில் கிணற்றடியில் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாமி நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தற நாளாச்சு மக்கா?"

அவள் என்னை மக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பத்துப் பதினஞ்சு நாளா இருக்கு மாமி" என்றேன். நான் சொன்னது வயிற்று வலியை. அவள் கேட்டது வேறு என்று அடுத்த மூச்சிலேயே புரிந்துவிட்டது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. நாள் நாலைந்து தள்ளியும் போயிருந்தது. எனக்கும் ஆசை இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த மூன்று வாரம் நான் அந்த வீட்டில் வேறொரு பெண்ணாக இருந்தேன். காலையில் ஏத்தங்காய்ப் பொடியில் கஞ்சி காய்ச்சி, மணைப்பலகை போட்டு உட்கார வைத்துத் தந்தாள். "பையக் குடி, பறக்காத" என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நாலு மட்டிப்பழத்தைப் பைக்குள் வைப்பாள். அரிசிச் சோற்றைக் குழைய வடித்து, மோர் விட்டுப் பிசைந்து, உப்பு மட்டும் போட்டு மத்தியானத்துக்குத் தந்துவிட்டாள். தண்ணீர் கோரவும் விடவில்லை. என் வயிறு அடங்கிக் கிடந்தது. பத்தரை மணி வரும், போகும், எனக்குத் தெரியாது. பிள்ளை உண்டாகியிருப்பதால்தான் வலி போய்விட்டது என்றுகூட நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை தூரம் வந்து நம்பிக்கை தீர்ந்தது. மாமியிடம் போய்ச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். திங்கட்கிழமை காலையில் அடுப்பங்கரையில் அவித்த மரச்சீனியும் சம்மந்தியும் இருந்தன. கிணற்றுக் கயிற்றை நானே எடுத்தேன்.

எரிச்சல் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. மாமி எங்கள் கும்பிடுமிடமான நிழல்தாங்கலுக்குப் போய் எனக்காக நாமம் இடும் மண்ணும் ஓதிய தண்ணீரும் வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்காக வாங்கினாளா, வயிற்றுக்காக வாங்கினாளா என்று கேட்கவில்லை. குடித்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லி மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன்.

டாக்டரம்மா வேறு தேசத்துக்காரி. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே புண் இருக்கிறது என்றாள்.

"வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?"

"இல்லை."

"திட்டுகிறார்களா?"

"இல்லை அம்மா."

"பிறகு எதற்குப் பயம்? உன் கை இரண்டும் ஐஸ் மாதிரி இருக்கிறது."

நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் சாப்பிட வேண்டும். குழைந்த சோறு, பால், பழம். மிளகாயும் புளியும் கூடாது, கிழங்கும் கூடாது. உட்கார்ந்து மெல்லச் சாப்பிட வேண்டும். கோபம் வந்தாலோ அழுகை வந்தாலோ சாப்பாட்டைத் தள்ளி வைக்க வேண்டும். மனசு அடங்கினபிறகு எடுக்கலாம். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படிக் காத்திருந்தால் எந்தக் காலம் சாப்பிடுவது?

திரும்பும் வழியில் சந்தையில் ஒரு சின்ன மண்பானை வாங்கினேன். ஒரு ஆளுக்குக் கஞ்சி வைக்கிற அளவு. மறுநாள் காலையில் பெரிய பானையின் பக்கத்தில் அதை அடுப்பிலேற்றினேன். மாமி வந்து பார்த்தாள்.

"இது ஆருக்கு?"

"எனக்கு மாமி. டாக்டரம்மா காரமில்லாம கஞ்சி குடிக்கச் சொன்னா. வயித்துல புண்ணாம்."

"இந்த வீட்டுல ஆருக்கும் இப்பிடி ஒரு நோக்காடு கண்டதில்ல ஏட்டி. மூத்தவளும் இப்பிடித்தான் பிள்ளைக்கி சொகமில்லேன்னு தனியா ஒரு பானை வச்சா. மூணாம் மாசம் முற்றத்துல செவரு வந்துது. நான் பெத்த பய அந்தப் பக்கம் இருந்து இருமது கேக்கும், ஆளைப் பாக்க முடியாது."

அந்தச் சுவர் எங்கள் முற்றத்தின் நடுவில் நின்றது. அதற்கு அப்பால் கணவரின் அண்ணன் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிச்சமிருந்தது கிணறு ஒன்றுதான். மாமி துணியால் பிடித்துப் பானையை இறக்கினாள். உடைக்கவில்லை. கஞ்சியைப் பசுவின் தொட்டியில் கொட்டி, பானையைக் கழுவி, மாட்டுத்தொழுவத்தில் கவிழ்த்து வைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு அன்றும் தோன்றவில்லை. அவ்வளவு அசதி.

அந்த வாரமே கிணற்றடியில் மூத்தவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "உனக்குத் தெரியுமோ தெரியாதோ. மாமி உன் புருசனுக்கு வேற ஒரு பெண்ணு பாக்குதா. குளச்சல் பக்கம் ஒரு எடம் வந்திருக்காம்."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எதைத் தின்றாலும் மாமி யாரோடு பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று காதை வாசல் பக்கம் வைத்தே தின்றேன். வாயில் இருப்பது கிழங்கா சோறா என்று தெரியாது. கணவருக்கு இரண்டு தடவை கடிதம் எழுத உட்கார்ந்து, இரண்டு தடவையும் இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதி அனுப்பினேன்.

பரீட்சை நெருங்கிய ஒரு நாள், கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டியது. வாந்தி வந்தது. கறுப்பாக, காப்பி மண்டி மாதிரி. பிள்ளைகள் அலறியதும் பெரிய டீச்சர் ஓடி வந்தார். என்னைப் பெஞ்சில் கிடத்தி, வில்வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இத்தனை நாள் ஏன் என்கிட்ட சொல்லல?" அந்த வருஷத்தில் யார் கேட்டதற்கும் நான் பதில் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். மாமிக்கு ஆள் போனது. மறுநாள் ஒரு பாயும் ஒரு சாக்கும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள். சாக்குக்குள் அரிசி, விறகு, தொழுவத்தில் கவிழ்ந்து கிடந்த பானை. வார்டுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகையில் வரிசையாக அடுப்புகள் இருந்தன. நோயாளிகளுக்குக் கூட இருப்பவர்கள் அங்கேதான் சமைத்துக்கொள்ள வேண்டும். மாமி தினமும் ஐந்து தடவை அடுப்பு மூட்டினாள். மற்ற நேரம் டாக்டரம்மாவோடு சண்டை.

"மொளவு இல்லாம மனுசன் எப்பிடி சோறு திம்பான்?"

"ஆறு மாதம் தின்னட்டும்" என்பாள் டாக்டரம்மா.

"ஆறு மாசமா! நாக்கு செத்துப் போவாதா?"

"நாக்கு பிழைக்கும். வயிறுதான் செத்துக்கொண்டிருந்தது."

பக்கத்து அடுப்பில் தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் பெண் ஒருத்தி தன் புருஷனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் இதே நோய்தான். சோற்றைக் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, துணியில் பிழிந்து எடுக்க மாமிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஐந்தாம் நாள் அந்த மனிதரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய பாத்திரங்களை யாரோ உறவுக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். அதன்பிறகு மாமி டாக்டரம்மாவோடு சண்டை போடவில்லை.

ஏழாம் நாள் எனக்கு எழுந்து நடக்கத் தெம்பு வந்தது. கொட்டகைக்குப் போய் மாமியின் அருகில் கல்லில் உட்கார்ந்தேன். அவள் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். புகையில் கண் கலங்கியிருந்தது. எப்படியோ எனக்கு வாய் திறந்தது.

"மாமி, அவருக்கு வேற பெண்ணு பாக்கியளா?"

அவள் கை நின்றது. இல்லை என்பாள், இல்லாவிட்டால் யார் சொன்னது என்று சீறுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பேசினது உள்ளதுதான்" என்றாள். "ஒரு எடம் கேட்டு வந்தாவ. நான் வேண்டாம்னு சொல்லல்ல. வேணும்னும் சொல்லல்ல. அவன் வரட்டும்னு இருந்தேன்."

"இப்போ?"

"இப்போ என்ன? அந்தத் துலுக்கப் பெண்ணு அழுதுகிட்டு போனதப் பாத்துட்டு எனக்கு ரெண்டு நாளா ஒறக்கம் இல்ல. நீ செத்துப்போனா நான் ஆருட்ட மொகங்காட்டுவேன்? நெனச்சத எல்லாம் உள்ளேயே போட்டு வச்சிருந்தா புண்ணு வராம என்ன செய்யும்? அப்பமே கேட்டிருக்கலாம்லா."

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் இதே மாதிரி பதில் சொல்லியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான். அவள் தந்த பதிலில் ஆறுதலாக ஒன்றும் இல்லை. அழுகை வந்தது. கஞ்சியை நீட்டியவள், என்னவோ நினைத்துக்கொண்டு, கையைப் பின்னுக்கு இழுத்தாள். "அழுது முடி. பொறவு குடி" என்று பாத்திரத்தை மூடி வைத்தாள். நான் அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை அவள் அடுப்புச் சாம்பலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு குடித்தேன். அன்று ஒரு முழுப் பகலும் எரியவில்லை.

ஒன்பதாம் நாள் கணவர் வந்தார். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடு கட்டில் அருகில் நின்றார். "எழுதியிருக்கலாமே" என்றார். மாமிதான் முந்திக்கொண்டாள். "லே, இவளுக்கு காரம் ஆவாது. புளி ஆவாது. கெழங்கும் ஆவாது. இவளுக்குள்ள அரிசிக்கி வழி பண்ணிட்டு மலைக்கிப் போ. குளச்சல்காரவ வந்தா நான் பேசிக்கிடுவேன்." அவருக்கு எந்தக் குளச்சல்காரர் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான்தான் பிறகு சொன்னேன். அவர் "அப்பிடி ஒண்ணும் நடக்காது" என்றார். அவ்வளவுதான். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் மாமி எனக்குத் தனியாகக் கஞ்சி வைத்தாள். அன்பாக வைத்தாள் என்று சொல்லமாட்டேன். வைக்கும்போதெல்லாம் முணுமுணுத்தாள், வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "எங்க மருமவளுக்கு காரம் ஆவாது, ராஜகுமாரியாக்கும்" என்றாள். சில நாட்களில் மாமனாரும் எனக்கு வைத்த கஞ்சியில் பங்கு கேட்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் பத்தரை மணிக்குப் பத்து நிமிஷம் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அந்தப் பத்து நிமிஷத்தில் தூக்குவாளியைத் திறந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பையக் குடிப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வேறு பெண் பேச்சு பிறகும் ஒருமுறை வந்தது. மாமியே என்னிடம் வந்து சொன்னாள், வந்தவர்களை அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். அன்று மத்தியானச் சாப்பாட்டை நான் மனசு அடங்கி மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டேன்.

புண் ஆறியது என்று டாக்டரம்மா சொன்னாள். எனக்கென்னவோ அது தூங்கப் போயிருக்கிறது என்றே பட்டது. எங்கள் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து மதராஸோடு சேர்ந்த வருஷம் பாடப்புத்தகம் மாறப்போகிறது, டீச்சர்களை எங்கெங்கோ மாற்றப்போகிறார்கள் என்று ஒரே பேச்சாக இருந்தது. ஒரு மாதம் வயிறு விடாமல் எரிந்தது. நான் யாரிடமும் மறைக்கவில்லை. மாமியிடம் சொன்னேன், கணவருக்கும் எழுதினேன். ஊரில் பாதிப்பேர் விழாக் கொண்டாடிய நாளில் நான் பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டு, நடுவீட்டில் வெறும் தரையில் படுத்துக் கிடந்தேன். வெளியே வெடிச்சத்தம் கேட்டது. மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் குறையட்டும் என்று கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனாள்.