நான்கு மாதம் ஒரு மேசை

போர்ட் பிளேரில் அரசாங்கக் கட்டுமான அலுவலகம் ஒன்றில் நான் டிரேசராக இருந்தேன். இன்ஜினீயர்கள் பென்சிலால் வரைந்து தரும் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளைப் பரப்பி, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே மசியால் கோடு இழுக்க வேண்டும். அதுதான் வேலை. கப்பல் ஒதுங்கும் ஜெட்டி, பாலம், தண்ணீர்த் தொட்டி, குடியேற்றக்காரர்களுக்கான வீடுகள் என்று எட்டு வருடம் இழுத்தேன். அதில் ஒரு கோடுகூட என்னுடையது இல்லை.

என்னுடைய படங்களை, ரத்தாகிப் போன வரைபடங்களின் பின்பக்கத்தில் வரைவேன். மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்தால் இருபது நிமிடம் கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கூலியாட்கள், பியூனின் சைக்கிள், கேண்டீன்காரரின் கெட்டில் என்று கண்ணில் பட்டதை வரைவேன். மணி அடித்ததும் சுருட்டி வைத்துவிடுவேன். வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், இரண்டு வயது நிரம்பாத மகளைப் பார்க்க வேண்டும்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால் பழைய செய்தித்தாள்கள் கட்டாக வரும். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் அவர் அப்படி ஒரு பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். மெட்ராசுக்கு வெளியே ஓர் அமைப்பு, இளம் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் உதவித்தொகை கொடுப்பதாக அதில் ஒரு சின்ன அறிவிப்பு இருந்தது. நான்கு மாதம் அங்கேயே தங்க வேண்டும். அறை, சாப்பாடு, காகிதம், மை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"இத நீ எழுதிப் போடு" என்றார்.

"புள்ளைய யாரு பாக்குறது?"

"மொதல்ல எழுதிப் போடு. குடுக்கவா போறாங்க?"

கொடுக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதிப் போட்டேன். ஆறு படங்கள் கேட்டிருந்தார்கள். நான் அரசு ஊழியர் என்பதால் மேலதிகாரியின் கையெழுத்தும் வேண்டும். எங்கள் இன்ஜினீயர் கோட்டயத்துக்காரர், அதிகம் பேசாதவர். படங்களை அவர் மேசையில் வைத்தபோதுதான், அத்தனையும் ஆபீஸ் காகிதம் என்பது எனக்கு உறைத்தது. அவர் படத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இது கேன்சல் ஆன டிராயிங்தானே?"

"ஆமா சார்."

"புது பேப்பர் எடுக்கலியே?"

"இல்ல சார். ஒண்ணுகூட எடுக்கல."

"பின்ன என்ன பேடி?" என்று கையெழுத்துப் போட்டார். பேடி என்றால் அவர் மொழியில் பயம். நான் கதவருகே போனபோது, "அந்த ஜெட்டி நான் வரைஞ்சது. பின்னாடி இருக்கற கெட்டில்தான் நல்லா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு நான் அதை மறந்தேபோனேன். பதில் வந்தபோது, அவர்கள் சொன்ன நாளுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி இருந்தது. கடிதம் கப்பலில் வந்திருந்தது. அதே கப்பல் நான்கு நாளில் மெட்ராசுக்குத் திரும்புகிறது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று கப்பல் ஆபீசிலேயே யாருக்கும் தெரியாது.

முடியாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். என் அம்மா தங்கையின் பிரசவத்துக்காக வேறு தீவில், ரங்கத் என்ற ஊருக்குப் போயிருந்தார். மாமியார் இல்லை. ஆபீசில் ஓர் அம்மாள், "பால்குடி மறந்து வருஷங்கூட ஆகல, அந்தப் புள்ளைய விட்டுட்டு எந்தத் தாயி படம் போடப் போவா?" என்று என் காதுபடவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

நாங்கள் குடியிருந்த ஜங்லிகாட் பகுதியில் எங்களுக்கு அடுத்த வீடு ஒரு வங்காளி அக்காவுடையது. எல்லை தாண்டி வந்து, அகதி முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர் கணவருக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் ஆபீஸ் போகும் நேரத்தில் மகள் அவரிடம்தான் இருப்பாள். அன்று சாயங்காலம் என் கணவர் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அக்கா கையில் இருந்த மீனைக்கூடக் கீழே வைக்காமல் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தும் ஜாவ்" என்றார். நீ போ. "பச்சி மேரே பாஸ் ரஹேகா." பிள்ளை என்னிடம் இருப்பாள்.

நான்கு மாதம் அக்கா, நான்கு நாள் இல்லை என்றேன். அவருடைய உடைந்த இந்தியும் என்னுடைய உடைந்த இந்தியும் சேர்ந்தால்தான் ஒரு முழு மொழியாகும். "கின்னா ஆத்தா ஹை முஜே பீ" என்றார். எனக்கும் எண்ணத் தெரியும்.

கணவர் டிக்கெட் வாங்கி வந்துவிட்டார். கப்பல் கிளம்பும்போது மகள் அக்காவின் இடுப்பில் இருந்தாள். மற்றவர்கள் கையாட்டுவதைப் பார்த்து, வேடிக்கைபோல அவளும் ஆட்டினாள். நான் கீழ்த்தளத்துக்குப் போய், பங்கர் என்று சொல்லும் அடுக்குப் படுக்கையில் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் கடல் மயக்கத்தில் போனது நல்லதாயிற்று. வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

அந்த அமைப்பின் இடம், சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஓர் ஓட்டுக் கட்டடம். ஆறு பேருக்கு ஆறு அறை. என் அறையில் ஒரு கட்டில், வடக்குப் பார்த்த ஜன்னல், ஜன்னலை ஒட்டி நான் அதுவரை பார்த்திராத நீளத்தில் ஒரு மேசை. அதன்மேல் காகிதக் கட்டு. எல்லாம் புத்தம் புதுசு. இரண்டு பக்கமும் வெள்ளை.

முதல் நாள் பழக்கத்தில் நாலரை மணிக்கே விழிப்பு வந்தது. பிடிக்கத் தண்ணீர் இல்லை, மூட்ட அடுப்பு இல்லை. போர்வையை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன். அறையைப் பெருக்கினேன், பிறகு தாழ்வாரத்தையும் பெருக்கினேன். பெருக்குகிற அம்மா வந்து விளக்குமாற்றைப் பிடுங்கினார்.

"நீங்க என் வேலையச் செஞ்சா, நான் போயி ஒங்க வேலையச் செய்யவா?"

அதுதான் பிரச்சினை. என் வேலை எது என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்துக்கு அடியில் எந்தக் கோடும் தெரியாமல் நான் எதையும் வரைந்து பழகவில்லை. ஆபீசில் திருடிய இருபது நிமிடத்தில் வந்தது, முழுப் பகல் கிடைத்ததும் வரவில்லை. மேசை முன்னால் உட்காருவேன். கண் சொக்கும். போய்ப் படுப்பேன். பகலெல்லாம் தூங்கினேன். எட்டு வருடத் தூக்கம்போல வந்தது. விழித்தால் குற்ற உணர்ச்சி. ஊரார் பணத்தில், பிள்ளையை விட்டுவிட்டு வந்து தூங்குகிறேனே என்று.

பக்கத்து அறையில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மரச் சிற்பம் செய்கிறவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஒருநாள் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்கக்கா, சொகமில்லீங்களா?"

"சொகந்தான். ஒண்ணுமே வரல. பேசாம ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "நா வந்து ரெண்டு வாரத்துக்கு மேலாச்சுங்க. இன்னும் உளியத் தொடல. யாராச்சும் வந்து கேட்டாங்களா, நீங்களே சொல்லுங்க? கேக்க மாட்டாங்க. எனக்கும் அதான் மொதல்ல பயமா இருந்துச்சு."

அன்று இருவரும் சேர்ந்து கடற்கரை வரை நடந்து போனோம். நான் ஊருக்குத் திரும்பும் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

நான்காவது வாரம் கடிதங்கள் வந்தன. வாரம் ஒன்றாகக் கணவர் எழுதியவை, கப்பலுக்குக் காத்திருந்து மொத்தமாக நான்கு. ஒவ்வொன்றிலும் மகளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்திருந்தார். மெட்ராசில் செருப்பு வாங்கி வர அளவாம். "போன அளவை நம்பாதே, பிள்ளை ஆடிவிட்டாள்" என்று இரண்டாவதில் எழுதியிருந்தார். மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதில், "இதையும் நம்பாதே. பிடித்துக்கொள்ள அக்கா இருந்தும் முடியவில்லை. சாப்பிடுகிறாள். சிரிக்கிறாள். நீ எங்கே என்று கேட்டால் கப்பல் என்கிறாள்."

நான்கையும் மேசையில் பரப்பினேன். ஒன்றில் சுண்டுவிரலே இல்லை. ஒன்றில் ஆறு விரல். குதிகாலைச் சுற்றி வரும்போது கோடு துள்ளி எங்கேயோ போய்த் திரும்பி வந்திருந்தது. நான் அழுதேன். அழுது முடிந்த பிறகும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கை அப்படி ஒரு கோட்டை எட்டு வருடத்தில் இழுத்ததில்லை. இழுத்திருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். ஆனால் நிற்காமல் துள்ளுகிற பிள்ளை அந்தக் கோட்டில் இருந்தாள்.

புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, எதையும் அடியில் வைக்காமல், அவள் பாதத்தை ஞாபகத்திலிருந்து வரைந்தேன். பிறகு கணவருடைய பாதம். பிறகு, சேற்று வெடிப்போடு இருக்கும் அக்காவின் பாதம். கப்பல் ஏணியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிய கால்களையும் வரைந்தேன். ரப்பர் செருப்பு, வெறுங்கால், மெட்டி, பையைச் சாய்த்து வைத்த முழங்கால். எங்கள் தீவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஏணியில்தான் வந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது காதில் விழவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் தட்டைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசி வாரம் எல்லாருடைய வேலையையும் கூடத்தில் பார்வைக்கு வைத்தார்கள். மெட்ராசிலிருந்து பெரிய மனிதர்கள் கார்களில் வந்தார்கள். நல்லதாகச் சிலர் சொன்னார்கள். ஒருவர், முகமே இல்லாமல் என்ன படம் என்றார். எனக்கு நினைவில் நிற்பது சமையல்கார அம்மாதான். அம்மியடியில் குந்தியிருந்தபோது அவர் கால்களை வரைந்திருந்தேன். கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். படத்துக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம், "இது என் காலுங்க" என்றார்.

ஊர் திரும்பி, சாத்தம் ஜெட்டியில் இறங்கினேன். கணவர் மெலிந்திருந்தார். மகள் அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கை நீட்டியதும் அக்காவிடம், "மா, யே கௌன் ஹை?" என்று கேட்டாள்.

இவள் யார் என்று.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு வேகமாக முன்னால் நடந்து போனார். பிள்ளை வீறிட்டாள். அன்றிலிருந்து அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். தன்னைப் பார்த்தால் பிள்ளை என்னிடம் ஒட்ட மாட்டாள் என்று நினைத்திருக்கிறார். மகள் அந்தக் கதவின் முன்னால் போய் உட்கார்ந்து "மா, மா" என்று தட்டினாள். உள்ளே அக்கா அழுவது எங்களுக்கே கேட்டது.

மூன்றாம் நாள் நான் போய்த் தட்டினேன்.

"அக்கா, கோலோ."

திறந்தார். கண் வீங்கியிருந்தது. "பெஹலே தும்ஹாரா பன் ஜாய்" என்றார். முதலில் அவள் உன்னுடையவள் ஆகட்டும்.

"அவளுக்கு ரெண்டு அம்மா இருந்தா என்னக்கா?" என்று தமிழிலேயே கேட்டேன். அந்த நேரத்தில் இந்தி வரவில்லை. அவருக்கு என்ன புரிந்ததோ, குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அவளோடு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் மகள் என் பக்கத்தில் படுக்க ஒன்பது நாள் ஆனது.

நான் மறுபடி டிரேசர் வேலைக்குப் போனேன். ஆனால் கணவர் மில்லிலிருந்து ஒரு பலகை வாங்கி வந்து ஜன்னலடியில் அடித்துக் கொடுத்தார். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் எனக்கு. யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "அவங்க ஆபீஸ்ல இருக்காங்க" என்பார்.

அந்த அமைப்பிலிருந்து ஒரு படிவம் வந்தது, உதவித்தொகையை எப்படிப் பயன்படுத்தினேன் என்று கேட்டு. முதல் மூன்று வாரம் தூங்கினேன் என்று உள்ளதை எழுதினேன். கடைசியில் ஒரு கேள்வி: இந்தக் காலத்தில் உதவிய பிற நிறுவனங்கள்? நெடுநேரம் யோசித்து, "பக்கத்து வீடு" என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு கப்பல் கழித்துப் பதில் வந்தது. 'பக்கத்து வீடு' என்னும் மேற்படி நிறுவனத்தின் முழு முகவரியைத் தெரிவிக்கவும் என்றிருந்தது. கணவர் அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவுக்கு இந்தியில் படித்துக் காட்டினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, அதில் தன் வீடு எங்கே எழுதியிருக்கிறது, அந்த இடத்தைக் காட்டு என்றார்.