யாரும் கொளுத்தாத பட்டு

மற்ற வீடுகளில் முடி கருகுகிற நாற்றம் வந்தால் அடுப்படிக்கு ஓடுவார்கள். ஆரணியில் எங்கள் வீட்டில் அந்த நாற்றம் வந்தால் அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். புடவை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். முடி கருகுகிற வாசனை வந்து, தொட்டால் சாம்பலாக உதிர்ந்தால் அசல் பட்டு. உருகி உருண்டு கொண்டால் கலப்படம். அப்பா நெசவாளிகளிடம் புடவை வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிறவர். கொளுத்துவது அவர் வேலை, மோந்து பார்த்துச் சொல்வது அத்தையின் வேலை.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷனோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்தவள். அப்படி வந்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அத்தையிடம் அந்த மூக்கு இருந்தது. நாலு தெரு வியாபாரிகள் இழையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவள் உம் என்றால் உம், ஊஹும் என்றால் ஊஹும். இவள் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று என் அம்மாவால்கூடச் சொல்ல முடியாது. சொல்லிப் பார்க்க அம்மாவுக்கு ஆசை இருந்திருக்கலாம், அது வேறு கதை.

நான் ஐந்தாவது படித்த வருஷம், யாரும் எதையும் கொளுத்தாதபோதே அத்தைக்கு வாசனை வர ஆரம்பித்தது. சோறு பிசைந்துகொண்டிருப்பாள், சட்டென்று கை நின்றுவிடும். எவனோ பட்டு கொளுத்திகினு இருக்கான் என்பாள். அவ்வளவுதான், அப்பா தெருவுக்கு, அம்மா அடுப்படிக்கு, நான் மொட்டை மாடிக்கு. புடவை அடுக்கிய வீட்டில் நெருப்பு என்றால் சும்மாவா? எங்கும் ஒரு பொறி இருக்காது. பக்கத்து பவர்லூம் தறிகள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்கோ பெருமை தாங்காது. அடுத்த தெருவில் கொளுத்தினால்கூட என் தங்கச்சிக்கு மூக்கு வேர்த்துவிடும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் அதைப் பக்கத்து ஊர் கண்ணமங்கலம் வரைக்கும் நீட்டிவிட்டேன்.

ஆனால் அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோவைத் திறப்பாள், மூடுவாள், அடுக்கிய புடவைகளைக் கலைத்து ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பாள். நான் பின்னாலேயே சுற்றுவேன், எனக்கும் ஓரிடத்தில் உட்கார வராது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது என் கையைப் பிடித்து இழுத்து, "உனக்கு வருதாடி?" என்று கேட்பாள். நெஞ்சு வலிக்க மூச்சை இழுத்துப் பார்ப்பேன். வரலையே அத்தை என்பேன். அவள் முகம் சுருங்கிவிடும். பரீட்சையில் தோற்றுப்போனேன் என்று எனக்கு அழுகையாக வரும்.

சில சமயம் வாசனை வருவதற்கு முன் அப்படியே நின்றுவிடுவாள். வாயில் ஒன்றும் இல்லாமலே மெல்லுவாள், விரல்கள் முந்தானையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. தொழில் பக்தி என்றார் அப்பா.

எனக்கு வாசனை வரவில்லை என்ற சேதி ஒருநாள் பெரியவர்கள் காதுக்குப் போய்விட்டது. அத்தையின் மூக்கு தப்பாக இருக்க முடியாது. ஆகவே என் மூக்கில்தான் கோளாறு என்று முடிவாயிற்று. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார்கள். போர்வைக்குள் நான் போட்ட கூச்சலில் தறிச் சத்தமே அடங்கியிருக்கும். அதிலும் குணமாகவில்லை என்று மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மடியில் பிடித்து உட்கார வைக்க அத்தையும் வந்தாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, குழந்தை மூக்கு நன்றாக இருக்கிறது என்றார். அப்பாவுக்குத் திருப்தியில்லை. இவள் அத்தைக்கு வருகிற வாசனை இவளுக்கு வரவில்லையே என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே, என்னைப் பிடித்திருந்த அத்தையின் கை தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். வெறுமனே மென்றுகொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து, தூங்கி எழுந்தவள் போல, இங்கயும் பட்டு கொளுத்தறாங்க என்றாள். அப்பா எழுந்துபோய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் எங்கும் பார்க்கவில்லை. தன் ஸ்டூலை என் பக்கத்திலிருந்து அத்தை பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எவ்ளோ நாளா வருதும்மா இந்த வாசனை?"

"நான் பைத்தியம் இல்லீங்க" என்றாள் அத்தை.

அந்த வார்த்தையை யாரும் எடுக்கவே இல்லையே, ஏன் சொல்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அப்புறம் வேலூர் பஸ், பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன். அங்கே இருந்த டாக்டர் எங்கள் தொழிலைக் கேட்டுக்கொண்டு எங்களுக்கு ஏற்ற மாதிரியே சொன்னார். மூளையின் மேலே கார்டெக்ஸ் என்று ஒரு படலம் இருக்கிறது, பெரிய புடவையைச் சின்னப் பெட்டியில் அடைத்த மாதிரி மடிப்பு மடிப்பாக. வாசனையை அறிகிற இடம் காதுக்கு உள்பக்கமாக ஒரு மடிப்பில் இருக்கிறது. அத்தைக்கு அங்கே ஒரு தழும்பு, சின்ன வயதில் கண்ட ஜுரத்தில் வந்திருக்கலாம். அந்த இடம் தானாகத் தூண்டப்படும்போது நெருப்பில்லாமலே வாசனை வருகிறது. இதுவும் வலிப்புதான், கைகால் வெட்டி இழுக்காத வலிப்பு. மாத்திரை கொடுத்தார்.

வாசனை நின்றது. அத்தை இழை மோந்து பார்ப்பதும் நின்றது. அப்பா கொளுத்தி நீட்டினால், நீயே பார்த்துக்கோண்ணா என்று எழுந்து போய்விடுவாள். வாசலுக்கு வந்த வியாபாரிகள் மெல்ல மெல்ல வருவதை விட்டார்கள். அம்மா பாத்திரங்களைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள். அத்தை கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, இவள் எங்கேயாவது கிளம்பிப் போய்விடுவாளோ என்று.

ஒரு மத்தியானம் நெசவாளி ஒருவர் அரக்குப் புடவை கொண்டுவந்தார். கேட்டது பெரிய விலை, அசல்தானா என்று அப்பாவுக்குச் சந்தேகம். இழையைக் கொளுத்திக் கையில் வைத்துக்கொண்டு தங்கையையே பார்த்தார். அத்தை எழுந்து போகவில்லை. அந்தப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்த என்னை எட்டிப் பிடித்தாள்.

"உனக்கு வருதாடி?"

மூக்கில் சுருக்கென்று ஏறியது. "வருது அத்தை."

"நெஜமா?"

"முடி பொசுங்கற மாதிரி வருது."

என்னை இழுத்து, என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அசல் பட்டுதாண்ணா, வாங்கிக்கோ என்றாள்.

நான் அடுப்படிக்கு ஓடி, என் மூக்கு சரியாகிவிட்டது, அத்தைக்கு ஆனந்தக் கண்ணீர் என்று அம்மாவிடம் அறிவித்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாக வைத்தாள். அதற்குப் பிறகு எந்த இழையைக் கொளுத்தினாலும் அத்தை முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். நொச்சி இலை வேலை செய்துவிட்டது, அத்தை என்னைத் தொழிலில் சேர்த்துக்கொண்டாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். நெருப்பு வெளியே இருக்கிறதா, தன் தலைக்குள் இருக்கிறதா என்று பயமில்லாமல் கேட்க அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.