வளைந்த கோடும் கலியாணசுந்தரமும்

காஜா பேராங்கில், மலாய் பேசும் தமிழ் வம்சத்தார் வாழும் சிட்டிக் கம்போங் என்ற கிராமத்தில் பிறந்து வளர்ந்த கலியாணசுந்தரத்துக்குத் தமிழ் தெரியாது. பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடும் அம்மனும் தமிழ் அம்மன். பேசுவது மட்டும் மலாய். அப்படிப்பட்டவரிடம்தான் 1957 ஜூன் மாதத்தில் தமிழ் ஒலிபரப்பைப் பற்றிய ஒரு புகார்க் கடிதம் வந்து சேர்ந்தது.

கிளேபாங் பக்கம் தென்னைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அவர் டெக்னிஷியன். தலைநகரிலிருந்து கம்பி வழியாக வரும் நிகழ்ச்சியை வலுவாக்கி, உயரமான ஏரியல் வழியே ஊருக்கு அனுப்புவது அந்த நிலையத்தின் வேலை. மேலதிகாரி ராஜரத்தினம் கடிதத்தைப் படித்து மலாயில் விளக்கினார். எழுதியவர் தெங்கேராவில் குடியிருந்த பள்ளி ஆசிரியை அன்னபூரணி. செய்தி வாசிப்பவர் மெதுவாகப் பேசும்வரை சரியாகக் கேட்கிறது, குரலை உயர்த்தினால் சொல் உடைந்து கரகரக்கிறது, ஜாசின் தோட்டத்தில் இருக்கும் தன் அப்பாவும் இதையேதான் சொல்கிறார் என்று எழுதியிருந்தாள்.

கலியாணசுந்தரம் ஒலியைக் கோடாகக் காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தார். பச்சைத் திரையில் நேராக இருக்கவேண்டிய கோட்டின் நுனி வளைந்திருந்தது. குற்றவாளி கடைசி வால்வு. சிறிய சத்தத்தை அது ஒழுங்காகப் பெருக்கியது. பெரிய சத்தம் வந்தால் கொடுத்த அளவுக்குத் திருப்பித் தராமல் குனிந்துவிட்டது.

"பவரைக் குறைச்சிடு, சுந்தரம். கரகரப்புப் போயிடும்" என்றார் ராஜரத்தினம்.

"போயிடும் சார். தூரத்து ஜாசினுக்குச் சத்தமே எட்டாமப் போயிடும்."

புதிய வால்வு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். பிப்ரவரிக்கு முன்னால் வராது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரமோ ஆகஸ்டு கடைசியில்.

கலியாணசுந்தரம் இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. உள்ளே எவ்வளவு கொடுத்தால் வெளியே எவ்வளவு வருகிறது என்று படிப்படியாக அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு நேராக ஏறி, மேலே போகப் போகச் சரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் தாளை எதிரெதிர் மூலைகளில் பிடித்துப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பின்பக்கம் தெரிந்த அதே கோடு இப்போது மேலே போகப் போகச் செங்குத்தாக எழும்பியது. சோற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வால்வு குனியும் இடத்தில், குனியும் அளவுக்கு, குரலை முன்னாலேயே தூக்கிக் கொடுத்தால் என்ன?

ராஜரத்தினத்துக்கு அது பிடிக்கவில்லை.

"நல்லா இருக்கிற குரலை நீயே கெடுத்து அனுப்பப் போறியா?"

"வால்வு கெடுக்கிறதுக்கு எதிர்ப்பக்கமாக் கெடுக்கிறேன் சார். ரெண்டும் சேர்ந்தா நேராயிடும்."

"ஆகலைன்னா?"

"கழட்டிடுறேன்."

இரண்டு ஜெர்மேனியம் டயோடு, சில ரெசிஸ்டர்கள், தூக்கும் அளவைக் கூட்டிக் குறைத்துத் திருகுவதற்கு ஒரு குமிழ். அவ்வளவையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடக்கி, குரல் வரும் கம்பியில் இணைத்தார். திரையில் கோடு நிமிர்ந்தது. ஆனால் சொல் முழுசாகப் போகிறதா என்பதைத் திரை சொல்லாது. அதற்குத் தமிழ் தெரிந்த காது வேண்டும். மறுநாள் மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு தெங்கேராவுக்குப் போனார்.

அன்னபூரணி வாசலுக்கு வந்தாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும் திகைத்துப்போனாள்.

"கடுதாசி போட்டதுக்கு வீட்டுக்கே வந்துட்டீங்களா அண்ணே?"

"எனக்குத் தமிழ் சிகிட் சிகிட்தான் டீச்சர். கொஞ்சமே கொஞ்சம். நீங்கதான் கேட்டுச் சொல்லணும்" என்றார், பாதி மலாயில். அவளும் மலாய் கலந்தே பேசினாள்.

"நேத்து ராத்திரிச் செய்தி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆனா இன்னைக்கு மத்தியானம் சனிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி கேட்டேன். பாடகர் குரைக்கிற மாதிரி இருந்துச்சு அண்ணே."

அவர் திரும்பிப் புறப்பட்டார். கடற்கரைச் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யோசித்தார். நேற்று அளந்தபோது வால்வு ஒரு மாதிரி இருந்தது. நடுப்பகல் சூட்டில், மின்சாரமும் தணிந்திருக்கும் நேரத்தில், அது வேறு மாதிரி குனிகிறது. அவருடைய தகரம் மட்டும் நேற்றைய கணக்கையே பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேல் தூக்கிவிட்டது. ஒருமுறை அளந்தால் போதாது. வெளியே போவதை உள்ளே வருவதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும், வித்தியாசம் தெரிந்தால் உடனே திருத்தவேண்டும். அதைத் தானாகச் செய்ய இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. கண் இருந்தது, கை இருந்தது.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலையில் மனைவி கோகிலா புதுக் கெபாயா உடுத்தி, பிள்ளைகளோடு சுதந்திர ஊர்வலம் பார்க்கக் கிளம்பினாள்.

"இன்னைக்கு ஒருநாள் அந்தப் பெட்டியை விட்டுட்டு வரக்கூடாதா?"

"இன்னைக்கு விட்டா, என்னைக்குப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை."

அவள் முகம் வாடியதைப் பார்த்தார். இருந்தும் கிளேபாங்குக்குத்தான் போனார். தமிழ் ஒலிபரப்பு ஓடிய மூன்று மணி நேரமும் ஒரு கை குமிழில், கண் திரையில். வெயில் ஏற ஏறக் கோடு அசைந்தது. மயிரிழை மயிரிழையாகத் திருகி அதை நேராக வைத்தார். காதில் விழுந்த தமிழில், சுதந்திரத்தைக் குறிக்கும் 'மெர்டேக்கா' என்ற மலாய்ச் சொல் மட்டும் புரிந்தது. மற்றதெல்லாம் அவருக்கு ஏறி இறங்கும் ஒளி. பதினொரு மணி வாக்கில் அந்த ஒளி திடீரென்று திரையின் விளிம்புவரை எழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். குரல் உடையவில்லை. யாரோ பெரிதாக எதையோ சொல்லியிருக்கவேண்டும் என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் தெங்கேரா வழியாகப் போனபோது அன்னபூரணி கைகாட்டி நிறுத்தினாள். ஜாசினில் அவள் அப்பா வீட்டு ரேடியோவைச் சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். ஒரு சொல் தவறவில்லையாம்.

"பதினொரு மணிக்கு ஒரு பெரிய குரல் வந்துச்சே டீச்சர், அப்போ என்ன சொன்னாங்க?"

அவள் யோசித்தாள். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது ஒண்ணும் சொல்லலை அண்ணே. பேசிட்டு இருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மைக்குக்குப் பக்கத்துலயே இருமிட்டாரு."

கலியாணசுந்தரம் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"இருமல் சுத்தமாக் கேட்டுச்சா?"

"ரொம்பச் சுத்தமா."

அவரும் சிரித்துவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சைக்கிளை மிதித்தார்.